சோம்பேறியை முதலில் நிறுத்து

மேட்டுக் காவல்
மார்ச் 4

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். வயர்லெஸ்ஸில் பேசுவது முழுவதும் பதிவாகிறது. கைப்பேசிக்கு இந்த மலையில் சிக்னல் கிடையாது. அதனால் இதைக் கடிதமாக எழுதி வேன்காரரிடம் கொடுக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீரும் காய்கறியும் ஏற்றி வருகிற மனிதர் ஒரு காகிதத்தைச் சுமக்க மாட்டேன் என்று சொல்லமாட்டார். அப்படிச் சொல்வதற்கு முதலில் அவர் வாயைத் திறக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். காற்றாலைகளை நோக்கி வலசைப் பறவைகள் வந்தால் இங்கிருந்து நான் சொல்ல வேண்டும், அங்கே நீங்கள் நிறுத்த வேண்டும். நம் இருவருக்கும் சம்பளம் வருவது இதற்காகத்தான். இந்த வருடம் அதில் ஒரு புது விதி சேர்ந்திருக்கிறது. ‘கூட்டத்தைக் கண்ணால் கண்டு உறுதி செய்தால் மட்டுமே நிறுத்தக் கோரலாம்.’ கீழே உங்கள் கையெழுத்து. கையெழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருக்கிறது. விதியில்தான் ஓட்டை.

மார்ச் நடுவில் பெருங்கொக்குகள் வரும். அதே நாட்களில்தான் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை அடைத்துக்கொள்ளும். அப்போது என் கையே எனக்குத் தெரியாது. ஆனால் கொக்குகளின் குரல் வெகு தூரத்துக்குக் கேட்கும். ஆகவே மூடுபனி நாட்களில் குரல் கேட்டாலே போதும் என்று விதியைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். பதில் எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
மேட்டுக் காவலர்
(தங்கள் போன வருட அறிக்கையின்படி ‘அனுபவமில்லாதவர்’)


கட்டுப்பாட்டு அறை
மார்ச் 7

சின்னவளுக்கு,

பொறுப்பாளர் அவர்களாம்! உன் மூக்கைத் துடைத்துவிட்ட கைக்கு இந்த மரியாதை கொஞ்சம் அதிகம். வயர்லெஸ்ஸிலும் ஒரு வருடமாக மேடம், மேடம் என்கிறாய். பக்கத்து நாற்காலிக்காரர் போன வாரம் கேட்டேவிட்டார். “உங்க கூடப்பிறந்த தங்கச்சிதானே? ஏன் மேடம்னு கூப்பிடுறாங்க?” ஆபீஸ் ஒழுங்கு என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை. நம்புகிற மாதிரி நானும் சொல்லவில்லை.

இரு, போன வருடத்துக்கு வருகிறேன். நீ அதை வைத்துக்கொண்டுதானே குத்துகிறாய். நீ கூப்பிட்டாய், நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலை முழுவதும் காற்று வீணாக வீசிக்கொண்டிருந்தது, ஒரு பறவையும் வரவில்லை. கேமராவில் வெறும் வானம். மேனேஜர் அன்றைக்கே மேட்டுக் காவலை மூடிவிடலாம் என்றார். ‘காவலர் அனுபவமில்லாதவர், பயிற்சி பெற்றால் சரியாகிவிடும்’ என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் அடங்கினார். நீ பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு மறுநாளே என் வீட்டிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்கே குடிபோனாய். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. உன் அத்தான் பஸ் நிலையம் வரைக்கும் ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அவருக்கு இருக்கிற தொந்திக்கு அது சாதாரணக் காரியம் இல்லை.

விதியைத் திருத்த முடியாது. கேட்டேன், கேட்டேன் என்று ஒவ்வொரு பனிக்கும் நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். இன்னொரு வீண் நிறுத்தம் வந்தால் உன் காவல் கூடமும் போகும், என் நாற்காலியும் போகும். எனக்குப் பறவை தெரியாது. எனக்கு எல்லாமே காக்காய், காக்காய் இல்லாவிட்டால் புறா. தெரியாத ஒன்றுக்காக, தெரிந்த ஒன்றைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தான் காலுறை அனுப்பியிருக்கிறார். இரண்டு தடவைதான் போட்டாராம். துவைத்துத்தான் வைத்திருக்கிறேன், பயப்படாதே.

அக்கா


மேட்டுக் காவல்
மார்ச் 11

பொறுப்பாளர் அவர்களுக்கு,

காலுறை கிடைத்தது. அத்தானுக்கு நன்றி சொல்லவும். மற்றதற்கெல்லாம் நன்றி சொல்ல முடியாது.

போன வருடம் கூட்டம் வந்தது. நான் பார்த்தேன். நீண்ட கழுத்தும் நீண்ட காலுமாக, ஒன்றன் பின் ஒன்றாகச் சரம் சரமாக வந்தன. வந்தவை பள்ளத்தாக்குக்குள் நுழையும் நேரத்தில் காற்று திசை மாறியது. மலைக்கு அந்தப் பக்கமாக வட்டமிட்டு ஏறிப் போய்விட்டன. வானம் என்ன பஸ் போகிற பாதையா, வந்த வழியிலேயே போக? அவை திரும்பியதற்கு நான் அனுபவமில்லாதவள் ஆனேன். பயிற்சி பெற்றால் சரியாகிவிடுமாம். யாருக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறீர்கள், காற்றுக்கா?

நீங்கள் காக்காய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பறவை உங்கள் நெஞ்சு உயரம் இருக்கும். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே போகிறது. போன வருடக் குஞ்சுகள் பெற்றோரை ஒட்டியே பறக்கும். பெரியவற்றின் குரல் கரகரவென்று தொண்டை அடைத்த ஊதுகுழல் மாதிரி இருக்கும். குஞ்சின் குரல் இன்னும் உடையாமல் சன்னமாக, விசில் மாதிரி. இருட்டிலும் அதை வேறொன்றாக நான் நினைக்கமாட்டேன்.

தெளிந்த நாளில் அவை உயரே போய்விடும். பயமில்லை. பனி நாளில்தான் தரையைத் தேடிக்கொண்டு தாழப் பறக்கும். பள்ளத்தாக்கு எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். அது இழுப்பது உங்கள் கீழ்வரிசைக் காற்றாலைகளுக்கு. என் தலையைத் தாண்டிய கூட்டம் நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அங்கே வந்துவிடும்.

இன்னொன்று. எப்போது நிறுத்தினாலும் சோம்பேறியை முதலில் நிறுத்த வேண்டும். படிக்கிற காலத்தில் உங்கள் அறையில் வந்து உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தபோது நான் கவனித்தது அது. மற்ற காற்றாலைகள் சொன்னதும் இறக்கையைத் திருப்பிக்கொள்கின்றன. அது மட்டும் யோசித்து யோசித்து நிற்கிறது, அதனால்தானே அந்தக் காற்றாலைக்கு எல்லோரும் இந்தப் பெயர் வைத்தீர்கள். பள்ளத்தாக்கின் வாயில் முதலில் நிற்பதும் அதுதான்.

‘பார்த்தேன்’ என்று நான் ஒரு பொய் சொன்னால் எல்லாம் சுலபம். விதியும் பிழைக்கும், உங்கள் நாற்காலியும் பிழைக்கும். பனிக்குள் நான் என்ன பார்த்தேன் என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் சொல்லமாட்டேன். அனுபவமில்லாதவள் என்று ஒரு பெயர் வாங்கியாகிவிட்டது. பொய் சொல்கிறவள் என்று இன்னொன்று வேண்டாம்.

இப்படிக்கு,
மேட்டுக் காவலர்


கட்டுப்பாட்டு அறை
மார்ச் 14

சின்னவளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது உன் அத்தானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தார். “அவ சொல்றதுல நியாயம் இருக்கே” என்றார். அவருக்கு என்ன, நியாயம் பேசிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

வானிலை அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. அடுத்த வாரத் தொடக்கத்தில் பனியும் காற்றும் சேர்ந்து வருமாம். அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் வருகிறார். தனியாக இல்லை, கேமரா விற்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறார். மலையில் ஆளே வேண்டாம், எங்கள் கருவி பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் அவர்கள். நீ தப்பாகக் கூப்பிட்டால் அவர்களுக்கு வேலை மிச்சம். ஏற்கெனவே மேனேஜர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார், “உங்க தங்கச்சிக்குக் கீழேயே ஒரு நல்ல வேலை பார்த்துடலாம்.” அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பொய் சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு வராது. மூன்று வயதிலிருந்து பார்க்கிறேன், பொய் சொல்லும்போது உன் குரலில் ரொம்ப மரியாதை வந்துவிடும். என் பேனாவை உடைத்துவிட்டு, “தெரியவில்லைங்க அக்கா” என்றவள் நீ. அதனால்தான் நீ மேடம் என்னும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு வருடமாக என்னிடம் பொய்யாகவே பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அழாதே. நீ கூப்பிட்டால் நான் முதலில் ‘பார்த்தீர்களா’ என்று கேட்பேன். பதிவுக்காகக் கேட்டே ஆக வேண்டும். இல்லை என்று நீ சொன்னால் நிறுத்த மாட்டேன். பக்கத்தில் மேனேஜர் நிற்பார். என் கை அந்தப் பொத்தான் பக்கம் போகாது. நாம் இரண்டு பேரும் பிழைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பனியாக இருந்தால் அன்றைக்குப் பேசாமல் போர்த்திக்கொண்டு படு.

அக்கா


மேட்டுக் காவல்
மார்ச் 18, செவ்வாய், காலை

இதை யாருக்கு என்று தொடங்குவது என எனக்குத் தெரியவில்லை. என்ன செய்தாய் என்று தெரிகிற வரைக்கும் மேலே காலியாகவே இருக்கட்டும்.

படியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

விடிவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். படுக்கச் சொன்னாய், முடியவில்லை. பனி வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை. அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டால்தான் காது நன்றாகக் கேட்கிறது.

முதலில் சின்னக் குருவிகள் வந்தன. கீச் கீச்சென்று ஒரு கொத்து தலைக்கு மேலே போனது. வாலாட்டிகள்தான். பிறகு ஒரு ஆள்காட்டிக் குருவி தன்னந்தனியாகக் கத்திக்கொண்டு போனது. பிறகு ஒன்றுமே இல்லை. காற்று மட்டும் தெற்கிலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி வீசியது. இப்படிப்பட்ட காற்றுக்குத்தான் அவை காத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வராதே, இன்றைக்கு மட்டும் வராதே என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பறவை பார்க்கிற வேலைக்கு வந்து, பறவை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தன. ஏரிப் பக்கத்திலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு. இவ்வளவு தாழ்வாக நான் கேட்டதே இல்லை. கூரைக்கு மேலேயே போகின்றன, இறக்கை காற்றை அடிக்கிற சத்தம் கூடக் கேட்கிறது. நடுவில் அந்த விசில். குஞ்சுகள். ஒரு குஞ்சு கூட்டத்தை விட்டு விலகிவிட்டது போல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பெரியது ஒன்று பதில் கொடுத்தது.

நான் வயர்லெஸ்ஸை எடுத்தேன். என்ன சொன்னேன் என்று சத்தியமாக நினைவில்லை. நீ ‘பார்த்தீர்களா’ என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. இல்லை என்றேன். அது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. உன் மூச்சு கேட்டது, இரைச்சல் கேட்டது. கடைசியில் ‘தகவல் பெறப்பட்டது’ என்றாய். வெட்டிவிட்டாய்.

தகவல் பெறப்பட்டது! நிறுத்தினாயா, இல்லையா? மறுபடி கூப்பிட்டேன். “லைனை ஃப்ரீயா விடுங்கம்மா” என்று ஒரு ஆண் குரல். உன் பக்கத்து நாற்காலிக்காரராக இருக்கும். இங்கிருந்து காற்றாலைகள் தெரியாது, சத்தமும் வராது. பனி அப்படியே நிற்கிறது. கொக்குகளின் சத்தம் பள்ளத்தாக்குக்குள் போனது, தேய்ந்தது, நின்றது. ஏன் நின்றது?

இப்போது வேன்காரர் வந்து தண்ணீர் இறக்கிக்கொண்டிருக்கிறார். அவரைப் பிடித்துக் கேட்டேன்.

“கீழ என்னண்ணே ஆச்சு?”

“ஒரே கூட்டம்மா.”

“கூட்டம்னா? ஆளுங்களா, பறவையா?”

“ரெண்டும்தான்.”

“பறவைங்க உயிரோடவா, செத்தா?”

“பனியில எனக்கு ரோடே தெரியல. மேனேஜர் கத்திக்கிட்டு இருந்தாரு. நான் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.”

இவ்வளவு பேசியதே இந்த வருடத்துக்கு அவருக்கு அதிகம். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

நீ நிறுத்தவில்லை என்றால், எழுது. மறைக்காதே. நான் உன்னைத் திட்டமாட்டேன், உன் முகத்தில் விழிக்கவும் மாட்டேன். ஆனால் எத்தனை என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் குஞ்சு கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. பொய் சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு வார்த்தைதானே.

எழுது. வெள்ளிக்கிழமை வரை நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.


வீடு
மார்ச் 21

சின்னவளே,

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தினேன். ஒன்று போய்விட்டது, மற்றவை பிழைத்தன.

இப்போது மூச்சை விடு. மீதியைச் சொல்கிறேன்.

நீ கூப்பிட்டபோது மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, கேமராக்காரர்களுக்குத் திரைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் விதிப்படி ‘பார்த்தீர்களா’ என்று கேட்டேன். நீ இல்லை என்றாய். “இல்ல. பனி. கேக்குது. தலைக்கு மேல கேக்குது.” அவர் என் தோளில் விரலால் தட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பிறகு எல்லாவற்றையும் அழுத்தினேன். உன்னிடம் நிறுத்தினேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் கத்த ஆரம்பித்துவிட்டார், எனக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் நாக்கு எழவில்லை.

திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கேமராக்காரர்களில் ஒருவர் மெதுவாக, “எங்க கருவி பனியில வேலை செய்யாது சார்” என்றார். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, பாவம் நல்ல மனுஷன். எனக்கு அந்த அறையில் உட்கார முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். மேனேஜர் கூப்பிடக் கூப்பிட நடந்தேன்.

சோம்பேறியின் அடியில் நின்றுகொண்டிருந்தன.

நான் என்ன சொல்ல? எனக்குப் பறவை தெரியாது. காக்காய் இல்லை, புறாவும் இல்லை. பனிக்குள் ஆட்கள் கும்பலாக நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சாம்பல் கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, களைத்துப்போய். ஒன்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நீ சொன்ன மாதிரி நெஞ்சு உயரம். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். அவற்றுக்கு மேலே சோம்பேறியின் இறக்கை அசையாமல் நின்றது. பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த மேனேஜரும் பக்கத்தில் வந்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார். அந்த மனுஷன் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. “இவ்வளவு பெருசாவா இருக்கும்?” என்றார்.

விசிலும் கேட்டேன். இன்னும் உடையாத குரல் என்றாயே, அதுதான். ஒன்று பெரியதின் காலுக்கடியில் புகுந்துகொண்டு முனகிக்கொண்டே இருந்தது. உன்னுடைய குஞ்சு அதுதானா என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்று வைத்துக்கொள்ளேன்.

போனது கீழ்வரிசைக் கடைசியில். பெரியது. நான் சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தால் போயிருக்கிறது. கடைசிக் காற்றாலை நிற்பதற்குள் அது வந்துவிட்டது. பதிவுக்காகக் கேட்ட அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் நின்றுகொண்டிருக்கும். இதை உன்னிடம் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

பனி விலகியதும் ஒவ்வொன்றாக எழுந்து போயின. போகிற வரைக்கும் காற்றாலைகளை ஓட்ட நான் விடவில்லை.

நேற்று விசாரணை. பதிவை இரண்டு முறை ஓடவிட்டார்கள். கூட்டம் வந்தது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. உன் காவல் கூடத்தை இனி யாரும் தொடமாட்டார்கள். கேமராக்காரர்கள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் விதியை மீறியது நான். அதுவும் விதியை எழுதியவளே மீறியது. ‘காவலர் சொன்னார், நிறுத்தினேன். அவர் சொன்னால் இனியும் நிறுத்துவேன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முழு வாக்கியமும் அவ்வளவுதான். பாதியோடு நிறுத்தாமல் படித்துக்கொள்.

அதோடு முடிந்திருக்கும். மேனேஜர் விடவில்லை. இயந்திரத்தின் நேரப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“மத்ததெல்லாம் அவங்க பதில் சொன்ன பிறகு நிறுத்தியிருக்கீங்க, சரி. அந்தச் சோம்பேறிய மட்டும் நீங்க கேள்வி கேட்குறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களே. அப்போ அவங்க விஷயத்தையே சொல்லல. பறவைன்னு ஒரு வார்த்தை வரல. எத வச்சு நிறுத்தினீங்க?”

எனக்கே அது தெரியாது. என் கை எப்போது போனது என்று நினைவில்லை. அவர் பதிவை இன்னொரு முறை ஓடவிட்டார். அப்போதுதான் கேட்டேன். மேட்டுக் காவல் பேசுகிறேன் என்று நீ ஆரம்பிக்கவில்லை. மேடம் என்றும் சொல்லவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்ததும், “அக்கா!” என்று கத்தியிருக்கிறாய். அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலேயே பொத்தான் விழுகிற சத்தம் இருக்கிறது.

“அவ என்னை அக்கான்னு கூப்பிட்டு ஒரு வருஷமாச்சு சார்” என்றேன்.

அவர் பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

முடிவு வரும் வரைக்கும் எனக்கு அந்த அறையில் வேலை இல்லை. உதிரிப் பாகங்கள் வைக்கிற கிடங்கில் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து நட்டும் போல்ட்டும்தான் எனக்குத் துணை. உன் அத்தான் நல்லதுதான் என்கிறார், நேரத்துக்கு வீட்டுக்கு வருவேனாம்.

கிடங்கில் வயர்லெஸ் கிடையாது. இனி என்னைக் கூப்பிட வேண்டுமானால் நீ கீழே இறங்கி வந்துதான் கூப்பிட வேண்டும்.

அக்கா